கச்சான் காற்றில் காடு எரிந்தால் அணைக்கப் போவது யார்?

வைகாசி முடிந்து கச்சான் காற்று வீசத் தொடங்கினால், திருகோணமலை மாவட்டத்தின் புல்லும் பற்றையும் சில வாரங்களிலேயே காய்ந்துவிடும். அதன் பின்னர் மாரி மழை வரும்வரை ஒரு பீடித்துண்டோ, அணைக்காமல் விட்ட குப்பைத் தீயோ, எல்லை தாண்டிய சேனைத் தீயோ போதும். நகரத்தின் தீயணைப்பு வண்டி வீதி இருக்கும் இடம்வரைதான் போகும். அதற்கு அப்பால், வண்டி போகாத காட்டுக்குள் நடந்து சென்று தீயை நிறுத்துவது வேறொரு தொழில்.

அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா போன்ற நாடுகளில் அந்தத் தொழிலுக்குப் பயிற்சியும் சம்பளமும் பெயரும் உண்டு. இலங்கையில் அது தனித் தொழிலாக வளரவில்லை. வனவளத் திணைக்களத்தின் வெளிக்கள உத்தியோகத்தர்கள், முப்படையினர், பொலிஸார், அயல் கிராமத்தவர்கள் என அந்த நேரத்தில் கிடைப்பவர்கள் போகிறார்கள். கிராமத்தவர்களில் பலர் ஒரு சறமும் செருப்புமாக, கையில் பச்சைக் குழையோடு போகிறார்கள்.

காட்டுத் தீயணைப்பு எப்படிச் செய்யப்படுகிறது, யுத்தம் நடந்த மண்ணில் அது ஏன் இன்னும் ஆபத்தானது, இந்த வேலையை நன்கு அறிந்த மக்கள் ஏன் அதிலிருந்து ஒதுங்கி நிற்கிறார்கள் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

காய்ந்த நிலமும் காற்றும்

திருகோணமலைக்கு ஆண்டில் 1,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை கிடைக்கிறது. ஆனால் அதன் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மாரிகாலத்தில் கொட்டி முடிந்துவிடுகிறது. மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் மழையை இறக்கிவிட்டு, வெறும் வெப்பக் காற்றாகக் கிழக்கு நோக்கி இறங்குகிறது. அதைத்தான் நாம் கச்சான் என்கிறோம். ஈரத்தைக் கொண்டுவராத இந்தக் காற்று, நிலத்தில் மிஞ்சியிருக்கும் ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகிறது.

எமது காடு இயல்பாகத் தீப்பிடிக்கும் காடு அல்ல. பாலை, வீரை, முதிரை, கருங்காலி நிற்கும் அடர்ந்த உலர்வலயக் காட்டின் அடித்தளம் நிழலாகவும் ஓரளவு ஈரமாகவும் இருக்கும். அங்கே தீ நுழைந்தாலும் வேகமாக ஓடாது. எரிவது பெரும்பாலும் காட்டின் விளிம்பு. வீதியோரக் கினிப்புல், இலுக்கு, வற்றிய குளங்களின் கரைப்புல், தேக்கந் தோட்டங்களில் உதிர்ந்து கிடக்கும் சருகு, ஆட்கள் இல்லாமல் பற்றையாகிப்போன வயல் என்பனவே தீக்கு முதல் இரை.

இதில் கடைசியாகச் சொன்னது யுத்தம் விட்டுச்சென்றது. தென்னமரவாடி மக்கள் 1984 இல் ஊரைவிட்டுப் போனார்கள். சம்பூர் மக்கள் 2006 இல் இடம்பெயர்ந்து, ஏறத்தாழ பத்து ஆண்டுகள் கழித்தே, 2015 இலும் 2016 இலும் கட்டங்கட்டமாகக் காணிகளுக்குத் திரும்பினார்கள். இப்படிப் பல கிராமங்களில் வயலும் தோட்டமும் மேய்ச்சல் தரையும் பல ஆண்டுகள் கத்தி படாமல் கிடந்தன. ஊர்மனைக்கும் காட்டுக்கும் இடையில் முன்பு இருந்த வெட்டவெளி பற்றையால் மூடப்பட்டது. காட்டில் பிடித்த தீ வீட்டுக் கூரைவரை வருவதற்கும், வீட்டுக் குப்பைத் தீ காட்டுக்குப் போவதற்கும் இப்போது பாதை இருக்கிறது.

இலங்கையில் காட்டுத்தீ ஏறக்குறைய எப்போதும் மனிதரால்தான் மூள்கிறது. இடிமின்னல் இங்கே பெரும்பாலும் மழையோடு சேர்ந்தே வருவதால், வேறு நாடுகளைப் போல மின்னல் காட்டைக் கொளுத்துவது அரிது. சேனைக்காகக் கொளுத்துவது, மாட்டுக்கு இளம்புல் முளைக்க வேண்டுமென்று கொளுத்துவது, வேட்டைக்காகக் கொளுத்துவது, தேன் எடுக்கப் புகை போடுவது, குப்பை எரிப்பது, காணி பிடிக்கக் கொளுத்துவது என்பனவே காரணங்கள்.

தீ எப்படி ஓடுகிறது

காட்டுத் தீயணைப்பாளர் முதலில் படிப்பது தீயின் உடலமைப்பை. காற்று தள்ளும் திசையில் வேகமாக முன்னேறும் பகுதி தலை. இரண்டு பக்கங்களிலும் மெதுவாக விரிவது விலா. மூண்ட இடத்தின் பக்கம் சோர்ந்து எரிவது வால். அனுபவமில்லாதவர் தலைக்கு முன்னால் ஓடிப்போய் அடிக்கப் பார்ப்பார். பயிற்சி பெற்றவர் வாலில் தொடங்கி, எரிந்து முடிந்த தரையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, விலாவழியே தலையை நோக்கி நெருக்குவார்.

இரண்டாவது, நிலத்தின் சரிவு. சுவாலை மேட்டில் இருக்கும் புல்லை முன்கூட்டியே சூடாக்கிவிடுவதால் தீ மேல்நோக்கி வேகமாக ஏறும். சரிவு 10 பாகை கூடும்போது தீயின் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது அவுஸ்திரேலியத் தீயணைப்பாளர்கள் கையாளும் கணக்கு. தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில், குரங்கணி மலைச்சரிவில் 2018 மார்ச் 11 அன்று மலையேறச் சென்ற குழுவினர் தீயில் சிக்கினார்கள். 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அங்கே எரிந்ததில் பெரும்பகுதி காய்ந்த புல். பெருமரங்கள் எரிந்தால்தான் ஆள் சாகும் என்பது பிழையான நம்பிக்கை. புல்தீதான் ஓடுகிறவரை எட்டிப்பிடிக்கும்.

மூன்றாவது, காற்று மாறுவது. திருகோணமலைக் கரையோரத்தில் இது முக்கியமானது. காலையில் கச்சான் உள்நாட்டிலிருந்து கடலை நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும். பிற்பகலில் நிலம் சூடேறியதும் சில நாட்களில் கடற்காற்று எதிர்ப்பக்கத்திலிருந்து ஏறிவரும். கடற்றொழிலாளர்களுக்கு இது புதிய செய்தியல்ல. ஆனால் தீக்கு அருகில் நிற்பவருக்கு இதன் பொருள் வேறு. அதுவரை மெதுவாக எரிந்துகொண்டிருந்த நீண்ட விலா முழுவதும் ஒரே நேரத்தில் தலையாக மாறிவிடும். ஆவணி, புரட்டாதிப் பிற்பகல்களில் திரளும் இடிமேகங்களும் மழைக்கு முன்னர் திடீர்க் காற்றை நிலத்தில் இறக்கி இதையே செய்யும்.

தண்ணீரை விட மண்வெட்டி

காட்டுத் தீயணைப்பில் பெரும்பகுதி தண்ணீர் இல்லாமல் நடக்கிறது. வரட்சிக் காலத்தில் காட்டுக்குள் தண்ணீர் கிடைக்காது. கிடைத்தாலும் ஒருவர் முதுகில் சுமக்கும் கைப்பம்பியில் 20 லீற்றர் அளவே கொள்ளும். எனவே தீயிடமிருந்து எரிபொருளைப் பறிப்பதுதான் அடிப்படை வேலை.

இதற்காகத் தீத்தடுப்புக் கோடு வெட்டுகிறார்கள். முன்னால் செல்பவர்கள் கத்தியாலும் கோடரியாலும் பற்றையையும் கிளைகளையும் வெட்டி, எரியாத பக்கம் தள்ளுவார்கள். பின்னால் வருபவர்கள் மண்வெட்டியாலும் வாரியாலும் புல், வேர், சருகு எல்லாவற்றையும் சுரண்டி, வெறும் மண் தெரியும்வரை ஒரு பட்டையைத் திறப்பார்கள். குட்டைப் புல்லுக்கு ஓரிரு அடி அகலம் போதும். உயர்ந்த கினிப்புல்லுக்கு அதைவிடப் பல மடங்கு தேவை. எங்கேயோ நடுவில் தொடங்கினால் தீ சுற்றிவந்து பின்னால் மூடிவிடும். ஆதலால் வீதி, ஆறு, உழுத வயல், எரிந்து கறுத்த தரை போன்ற எரியாத ஓர் இடத்தில்தான் கோடு தொடங்க வேண்டும்.

சுவாலை ஏறத்தாழ 1.2 மீற்றருக்குக் குறைவாக இருக்கும்வரைதான் கைக்கருவிகளோடு விளிம்பில் நின்று அடிக்கலாம். அதற்கு மேல் போனால் வெப்பம் ஆளை நெருங்கவிடாது, இயந்திரங்கள் வேண்டும். 2.4 மீற்றரைத் தாண்டினால் இயந்திரங்களும் தலைப்பக்கத்தில் தடுமாறும். அப்போது பின்வாங்கி, காற்று தணியும் வேளைக்காகக் காத்திருந்து, தூரத்தில் கோடு வெட்ட வேண்டும். சில வேளைகளில் அந்தக் கோட்டிலிருந்து தீயை நோக்கி எதிர்த்தீ வைத்து இடைப்பட்ட புல்லை எரித்துவிடுவார்கள். காற்றைச் சரியாகப் படிக்கத் தெரியாதவர் எதிர்த்தீ வைத்தால் அது இரண்டாவது காட்டுத்தீயாகிவிடும்.

ஹெலிகொப்டரால் தண்ணீர் ஊற்றினால் தீ அணைந்துவிடும் என்ற எண்ணம் பலரிடம் உண்டு. எமது விமானப்படையும் மலைநாட்டுக் காட்டுத்தீக்களில் ஹெலிகொப்டரில் வாளி தொங்கவிட்டுத் தண்ணீர் ஊற்றியிருக்கிறது. அது சுவாலையைத் தணித்து, தரையில் உள்ளவர்கள் கிட்டப் போவதற்கு நேரம் வாங்கித்தரும். தரையில் எவரும் போய் முடித்துவைக்காவிட்டால், சிறிது நேரத்தில் அதே இடம் மீண்டும் எரியத் தொடங்கும்.

சுவாலை அடங்கிய பின்னர்தான் இந்தத் தொழிலின் மிக நீண்ட பகுதி ஆரம்பமாகிறது. எரிந்த எல்லை முழுவதையும் சுற்றிவந்து, புகையும் கட்டைகளைப் பிரித்து, வேர்களைத் தோண்டி, மண்ணைக் கிளற வேண்டும். புறங்கையை மண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ச் சூடு பார்க்க வேண்டும். பட்ட மரத்தின் பொந்துக்குள் தீ நாட்கணக்கில் உயிரோடிருக்கும். பனை நிற்கும் பகுதிகளில் காவோலையில் ஏறிய தீ, பொறிகளைக் காற்றில் தூக்கிக் கோட்டுக்கு அப்பால் போட்டுவிடும். காலையில் அணைந்துவிட்டது என்று எல்லோரும் வீடு திரும்ப, நடுப்பகலில் கச்சான் எழும்பியதும் மீண்டும் பற்றிக்கொள்வது இப்படித்தான்.

தொழிலாகச் செய்பவர்கள்

அமெரிக்காவின் தேர்ந்த காட்டுத் தீயணைப்பு அணிகள் ஒவ்வொன்றிலும் சுமார் 20 பேர் இருப்பார்கள். அங்கே களத்துக்குப் போக விரும்புபவர் ஏறத்தாழ 20 கிலோ எடையைச் சுமந்து, 4.8 கிலோமீற்றர் தூரத்தை 45 நிமிடங்களுக்குள் ஓடாமல் நடந்தே முடிக்க வேண்டும். தீக்காலத்தில் தொடர்ந்து 14 நாட்கள், நாளுக்கு 16 மணிநேரம்வரை வேலை செய்து, தீயின் ஓரத்திலேயே உறங்குவார்கள். அவுஸ்திரேலியாவில் பெரும்பாலும் தொண்டர்களே இதைச் செய்கிறார்கள். நியூ சவுத் வேல்ஸ் கிராமியத் தீயணைப்புச் சேவையில் மட்டும் ஏறத்தாழ 70,000 தொண்டர்கள் பதிவில் உள்ளனர். கடைக்காரரும் விவசாயியும் ஆசிரியரும் வார இறுதியில் பயிற்சி பெற்று, மணி அடித்ததும் வண்டியேறுகிறார்கள்.

எமது உறவுகள் வாழும் நாடுகளில் இது இப்போது தூரத்துச் செய்தியல்ல. கனடாவில் 2023 இல் 1.5 கோடி ஹெக்டயருக்கும் அதிகமான காடு எரிந்தது. அவ்வாண்டு ஜூனில் ரொறன்ரோ வானமே புகையால் மூடியது. அங்கே கோடை விடுமுறையில் காட்டுத் தீயணைப்புக்குச் செல்லும் மாணவர்கள் உண்டு.

உடலுக்கு இந்த வேலை செய்வது கொஞ்சமல்ல. வெயிலும் தீயும் சேர்ந்த இடத்தில் மணித்தியாலத்துக்கு ஒரு லீற்றர் அளவு தண்ணீர் குடிக்க வேண்டியிருக்கும். அமெரிக்காவில் காட்டுத் தீயணைப்பாளர்களின் மரணங்களுக்குத் தீக்காயம் மட்டும் காரணமல்ல, மாரடைப்பும் வாகன, விமான விபத்துகளும் முக்கிய காரணங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2022 இல் தீயணைப்புத் தொழிலையே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் தொழில்களின் முதல் வகுப்பில் சேர்த்தது. முகமூடியில்லாமல் புகைக்குள் நிற்கும் எமது கிராமத்து இளைஞர்களின் நுரையீரலுக்கும் இது பொருந்தும்.

சாவுகள் சொல்லித்தந்த விதிகள்

இந்தத் தொழிலின் பாதுகாப்பு விதிகள் சாவுகளிலிருந்து பிறந்தவை. 1949 ஓகஸ்ட் 5 அன்று அமெரிக்காவின் மொன்ரானா மாநிலத்தில் மான் கல்ச் என்ற பள்ளத்தாக்கில் புல்தீ சரிவில் ஏறித் துரத்தியதில் 13 தீயணைப்பாளர்கள் இறந்தார்கள். அணித்தலைவர் தன் முன்னால் இருந்த புல்லைத் தானே கொளுத்தி, எரிந்த சாம்பலில் குப்புறப் படுத்து உயிர் தப்பினார். எரிந்து முடிந்த நிலம் மீண்டும் எரியாது என்பதே அவர் கணக்கு. மற்றவர்களுக்கு அது புரியவில்லை. அவர்கள் மேட்டை நோக்கி ஓடினார்கள்.

2013 ஜூன் 30 அன்று அரிசோனா மாநிலத்தின் யார்னெல் மலையில் 20 பேர் கொண்ட அணியில் 19 பேர் இறந்தனர். இடிமேகக் காற்று தீயின் திசையைத் திருப்பிவிட்டது. வேறோர் இடத்தில் காவலுக்கு நின்ற ஒருவர் மட்டும் மிஞ்சினார்.

இன்று உலகெங்கும் அணிகளுக்கு நான்கு விடயங்கள் கற்பிக்கப்படுகின்றன. தீயையும் காற்றையும் பார்த்துக்கொண்டிருக்க ஒருவரைக் காவலுக்கு விடுதல். எல்லோருக்கும் கேட்கும் தொடர்பு வைத்திருத்தல். தப்பிச்செல்லும் வழியை முன்கூட்டியே நடந்து பார்த்து வைத்தல். போய்ச் சேரப் பாதுகாப்பான இடம் ஒன்றைத் தெரிவு செய்தல். நான்கில் ஒன்று இல்லாவிட்டாலும் வேலை தொடங்கக் கூடாது.

எமக்கு அருகிலும் இறப்புகள் உண்டு. கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்தில் 2020 பெப்ரவரி 16 அன்று தோட்டக்காட்டில் தீயணைக்கச் சென்ற வனக் காவல் பணியாளர்கள் மூவர் தீயால் சூழப்பட்டு இறந்தார்கள். உத்தரகாண்டின் பின்சார் சரணாலயத்தில் 2024 ஜூன் 13 அன்று வனத்துறையினர் நால்வர் அந்த இடத்திலேயே உயிரிழந்தனர். தீயைப் பற்றிய பயிற்சியும் உடையும் குறைவாக உள்ள கடைநிலைப் பணியாளரே முதலில் தீக்குள் போகிறார் என்பது தென்னாசியா முழுவதும் பொதுவான நிலை.

யுத்தம் நடந்த மண்ணில் தீ

மேலே சொன்ன எல்லாவற்றிலும், மண்ணில் கால் வைப்பதும் மண்ணைக் கொத்துவதும் பாதுகாப்பானவை என்ற ஓர் எடுகோள் இருக்கிறது. வடக்கு, கிழக்கில் அந்த எடுகோள் எல்லா இடத்துக்கும் பொருந்தாது.

மிதிவெடிகளைத் தடைசெய்யும் சர்வதேச உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசெம்பரில் இணைந்தது. அதன்படி மிதிவெடிகளை முற்றாக அகற்றி முடிப்பதற்கான காலக்கெடு 2028 ஜூன். பெரும்பகுதி நிலம் துப்புரவாக்கப்பட்டுவிட்டது. ஆனால் 2006 இல் மாவிலாறு, மூதூர், சம்பூர் பகுதிகளில் நடந்த சண்டையைக் கண்டவர்களுக்குத் தெரியும்: வெடிக்காத எறிகணைகள் வரைபடத்தில் உள்ள மிதிவெடி வயல்களில் மட்டும் விழுந்தவையல்ல.

தீ வெடிபொருட்களை என்ன செய்யும்? நிலத்தின் மேலே கிடக்கும் எறிகணை, கைக்குண்டு, துப்பாக்கி ரவை என்பன தீயில் சூடேறி வெடிக்கக்கூடும். மண் நல்ல வெப்பத்தடுப்பு என்பதால், வேகமாகக் கடந்துபோகும் புல்தீ சில அங்குல ஆழத்தில் புதைந்திருப்பதைப் பெரிதாகச் சூடாக்காது. ஆகவே தீ போன பின்னர் நிலம் பாதுகாப்பாகிவிட்டது என்று எவரும் நினைக்கக் கூடாது. அடிக்கட்டை ஒன்று மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருந்தால் அதன் கீழ் நிலை வேறு. பாதி உருகிய பிளாஸ்ரிக் உறையும் கருகிய மரப்பெட்டியும் பழைய நிறத்தில் இருக்காது. விழிப்புணர்வு வகுப்பில் படத்தில் பார்த்த பொருளாக அது தெரியாது. மண்டையோட்டுப் பலகையும் எல்லை நாடாவும் எரிந்துபோனால், ஆபத்து எங்கே தொடங்குகிறது என்பதும் மறைந்துவிடும்.

ஏனைய நாடுகள் இதை நூறு ஆண்டு கழித்தும் எதிர்கொள்கின்றன. 2022 ஜூலையில் ஸ்லோவேனியாவின் கார்ஸ்ற் பகுதியில் பெரும் காட்டுத்தீ மூண்டது. அது முதலாம் உலகப் போரின் முன்னரங்கம். நூறு ஆண்டுகள் பழைய குண்டுகள் தீயில் வெடித்ததால் தீயணைப்பாளர்கள் பல இடங்களில் உள்ளே போக முடியவில்லை. ஜேர்மனியில் பெர்லினுக்குத் தென்மேற்கே 2018 ஓகஸ்டில் எரிந்த காட்டில் இரண்டாம் உலகப் போரின் வெடிபொருட்கள் இருந்தன. பெர்லின் நகரின் குறூனவால்ட் காட்டில் 2022 ஓகஸ்ட் 4 அன்று பொலிஸாரின் வெடிபொருள் அழிக்கும் தளத்தில் தீ மூண்டபோது, தீயணைப்பாளர்கள் ஒரு கிலோமீற்றர் தள்ளி நிறுத்தப்பட்டார்கள்.

இவற்றிலிருந்து எடுக்கக்கூடிய பாடம் எளிமையானது. சந்தேகமான நிலத்தில் உயிரைக் கொடுத்து மரத்தைக் காப்பாற்றக் கூடாது. ஏற்கெனவே துப்புரவு செய்யப்பட்ட வீதியையும் வாய்க்கால் கரையையும் எல்லையாக வைத்து, உள்ளே இருப்பதை எரியவிட்டு, ஊருக்கு வராமல் தடுக்க வேண்டும். அதற்கு எந்த வீதி, எந்தக் கரை துப்புரவானது என்ற தகவல் தீ மூளுவதற்கு முன்னரே தீயணைக்கப் போகிறவர்களின் கையில் இருக்க வேண்டும். கண்ணிவெடி அகற்றும் பிரிவிடம் இருக்கும் வரைபடம் கிராம உத்தியோகத்தரிடமும் இருக்க வேண்டும்.

துறைமுகத்தின் அருகே இன்னோர் ஆபத்தும் உண்டு. சீனன்குடாவில் பிரித்தானியர் அமைத்தவற்றில் இன்று 99 எண்ணெய்க் குதங்கள் உள்ளன. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது ஒரு விமானம் குதம் ஒன்றின் மீது வீழ்ந்து, அது எரிந்து அழிந்தது. பின்னர் மேற்தொகுதிக் குதங்கள் பல பத்தாண்டுகள் பயன்பாடின்றிக் காட்டுக்குள் மூடுண்டு கிடந்தன. 2022 ஜனவரியில் கைச்சாத்தான இலங்கை–இந்திய உடன்பாட்டின் கீழ் அவற்றை மீண்டும் பயன்படுத்தும் திட்டம் முன்வைக்கப்பட்டுள்ளது. எரிபொருள் நிரம்பும் நாளில், அதைச் சுற்றியுள்ள பற்றையும் புல்லும் யாருடைய பொறுப்பு என்ற கேள்வியும் சேர்ந்தே வரும்.

யாருடைய காடு?

காட்டுத்தீயை நிறுத்த மிகத் தகுதியானவர் காட்டோரத்தில் பிறந்து வளர்ந்தவர். அனுபவமுள்ள சேனைக்காரருக்குத் தீயைக் கட்டுப்படுத்தத் தெரியும். எரிக்குமுன் சுற்றிவரப் பட்டை வெட்டி, காற்றின் பக்கம் பார்த்து, அந்தி சாயும் நேரத்தில், அயலவரைக் குழையோடு நிறுத்திவைத்துக் கொளுத்துவார். தீயணைப்புப் பாடநூலில் உள்ள தீத்தடுப்புக் கோடும் காவலும் அவருக்குத் தெரிந்தவைதான்.

ஆனால் தீ மூண்டால் அவர் முன்வரத் தயங்குகிறார். 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க வனக் கட்டளைச் சட்டத்தின்படி ஒதுக்கக்காட்டில் தீ வைப்பது குற்றம். அது இருக்க வேண்டிய சட்டம். சிக்கல் எல்லையில்தான் இருக்கிறது. இடம்பெயர்ந்திருந்த காலத்தில் பற்றையாகிப்போன வயலும் மேய்ச்சல் தரையும் வன எல்லைக்குள் சேர்க்கப்பட்டதாக வடக்கு, கிழக்கு மக்கள் நீண்டகாலமாக முறையிடுகிறார்கள். 1985ஆம் ஆண்டு வரைபடத்தை அடிப்படையாக வைத்து இந்த எல்லைகளைத் திருத்துவது பற்றி அண்மைய ஆண்டுகளில் அரச மட்டத்திலும் பேசப்பட்டது. தீர்வு வரும்வரை, தன் தகப்பன் உழுத காணியில் பற்றை வெட்டினாலே வழக்கு வரலாம் என்று அஞ்சுகிறவர், அதே இடத்தில் புகை எழும்போது கத்தியோடு ஓடிவந்து நிற்பாரா? நின்றால் கொளுத்தியவர் என்று முதலில் பிடிபடுவது தானே என்று நினைப்பார்.

காணி பிடிப்பதற்காகவும் மரம் கடத்துவதற்காகவும் காட்டைக் கொளுத்துபவர்கள் இல்லாமலில்லை. அவர்களைப் பிடிப்பது திணைக்களத்தின் கடமை. அவர்களையும் மீள்குடியேறிய விவசாயியையும் ஒரே கண்ணால் பார்ப்பதுதான் பிழை.

வேறு நாடுகள் இதே பிழையைச் செய்து பின்னர் திருத்தியிருக்கின்றன. கர்நாடகத்தின் பிளிகிரி ரங்கன மலையில் வாழும் சோளகர் பழங்குடியினர், வரட்சி முற்றுவதற்கு முன்னரே சருகை மட்டும் மெல்ல எரித்துவிடும் வழக்கம் கொண்டவர்கள். 1974 இல் அது சரணாலயமானதும் அந்த வழக்கம் நின்றது. பின்னர் உண்ணிச்செடி காடெங்கும் பரவி, தீ பிடித்தால் முன்பை விடக் கடுமையாக எரியும் நிலை வந்தது என்று அம்மக்கள் சொல்ல, ஆய்வாளர்களும் அதைப் பதிவு செய்தார்கள். வட அவுஸ்திரேலியாவின் மேற்கு ஆர்னம் லாண்டில் 2006 முதல் ஆதிக்குடி மக்களே சம்பளம் பெறும் காவலர்களாக, கோடையின் தொடக்கத்தில் சிறு தீ வைத்து, கோடையின் முடிவில் வரும் பெருந்தீயைக் குறைக்கிறார்கள்.

திருகோணமலையின் உலர்வலயக் காடு அவுஸ்திரேலியப் புல்வெளி அல்ல. எமது காட்டைக் கொளுத்தினால் அது அழியும். இங்கே பொருந்துவது வேறு: வீதியோரப் புல்லையும் ஊர்மனை எல்லையையும் கச்சானுக்கு முன்னர் வெட்டித் துப்புரவாக்குவது, சேனை எரிக்கும் நாளைத் திணைக்களமும் விவசாயிகளும் சேர்ந்து முடிவு செய்வது, ஒவ்வொரு பிரதேச செயலகப் பிரிவிலும் காட்டோரக் கிராமங்களிலிருந்து இருபது பேரைப் பயிற்றுவிப்பது. அவர்களுக்கு சப்பாத்தும் பருத்தி உடையும் மண்வெட்டியும் நாட்சம்பளமும் காப்புறுதியும் கொடுக்க வேண்டும். தீயணைக்க வந்தவர் மீது காணி வழக்குத் தொடரமாட்டோம் என்ற உறுதியும் எழுத்தில் வேண்டும். இதற்கு ஹெலிகொப்டர் அளவு பணம் தேவையில்லை.

புகையைக் கண்டால்

அறிவிக்க: அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, பொலிஸ் 119, தீயணைப்பு 110. இடத்தைச் சொல்லும்போது கிட்டிய குளம், வீதிக் கிலோமீற்றர்க் கல், கிராம உத்தியோகத்தர் பிரிவு ஆகியவற்றைச் சொல்லுங்கள். வெடிபொருள் இருக்கலாம் என்று ஊரில் பேச்சு இருந்தால் அதை முதலிலேயே சொல்லுங்கள்.

போக நேர்ந்தால்: தனியாகப் போக வேண்டாம். நீளக்கை பருத்திச் சட்டையும் நீளக்காற்சட்டையும் மூடிய சப்பாத்தும் அணியுங்கள். பொலியெஸ்ரர் துணி உருகித் தோலில் ஒட்டும். தண்ணீர் கொண்டு செல்லுங்கள். நடந்து பழகிய பாதையை விட்டு இறங்க வேண்டாம். இரவில் காற்று தணிந்து வேலை இலகுவாகும் என்றாலும், யானை நடமாட்டமுள்ள காட்டில் இருளில் இறங்குவது இன்னோர் ஆபத்து. உள்ளே வெடிச்சத்தம் கேட்டால் உடனே எல்லோரும் வந்த வழியே திரும்ப வேண்டும்.

சிக்கிக்கொண்டால்: மேட்டை நோக்கி ஓட வேண்டாம். உழுத வயல், வற்றிய குளத்தின் வெறுந்தரை, அகலமான வீதி, எரிந்து கறுத்த நிலம் ஆகியவற்றில் கிட்டியதைத் தேடுங்கள். புகைக்குக் கீழே தரையோரமாகத்தான் காற்று நன்றாக இருக்கும்.

தீ அடங்கிய பின்: புல் எரிந்த நிலத்தில் முன்பு தெரியாதவை தெரியும். இரும்புத் துண்டோ உருண்டைப் பொருளோ கண்ணில் பட்டால் தொட வேண்டாம், உதைக்க வேண்டாம், பழைய இரும்புக்கு விற்க எடுக்க வேண்டாம். வந்த தடத்திலேயே திரும்பி, இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு, கிராம உத்தியோகத்தருக்கோ பொலிஸாருக்கோ அறிவியுங்கள். எரிந்த காட்டுக்குள் விறகுக்கும் இரும்புக்கும் முதலில் போவது பெரும்பாலும் பிள்ளைகள். அவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.